ஈயாலே கட்டின சுவர்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இதை அப்புறமாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆடுமாட்டுப் புண்ணில் புழு வைக்கிற சங்கதி இது.

கிராமத்தில் நாலு உருப்படி வைத்திருக்கிற யாருக்கும் இது புதுசு இல்லை. வேலி முள் கிழித்த கீறல், முறிந்த கொம்பு, நாய் கடித்த தொடை, உண்ணி கடித்த காது, மூக்கணாங்கயிறு அறுத்த மூக்கு, நேற்றுப் போட்ட குட்டியின் தொப்புள், இப்படி எங்கேயாவது கொஞ்சம் ரத்த ஈரம் இருந்தால் போதும். ஈ வந்து ஓரத்தில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் ஆடு மந்தையோடு சேராது. ஒதுங்கி நிற்கும், காலை உதறும், திரும்பித் திரும்பிப் புண்ணை நக்கப் பார்க்கும். கிட்டப் போனால் ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை ஒருதரம் மூக்கில் ஏறிவிட்டால் அப்புறம் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் மழைக்காலம் பூராவும் வேப்பெண்ணெயும் கற்பூரமும் தீராமல் இருக்கும். சிலர் சீத்தா இலையை அரைத்து வைத்துக் கட்டுவார்கள். சிலர் டர்பன்டைன் ஊற்றி, புழு மேலே வந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இப்போ ஸ்பிரே வந்திருக்கு. டாக்டர் வந்தால் ஐவர்மெக்டின் ஊசி போடுவார்.

பட்டணத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று உண்டு. புண்ணில் வைக்கிற புழு எல்லாம் ஒரே புழு கிடையாது. ஒரு வகை, செத்த எலியிலும் குப்பையிலும் நெளிகிற ஜாதி. அது புண்ணில் வந்தாலும் அழுகின சதையைத்தான் தின்னும். இன்னொரு வகை உயிரோடு இருக்கிற சதையைத் தின்கிறது. செத்த பிணத்தை அது சீந்தாது. தலையைக் கீழே வைத்து உள்ளே உள்ளே குடைந்துகொண்டு போகும். மேலே இருந்து பார்த்தால் வால்முனைகள் மட்டும், அரிசியைக் குத்தவைத்த மாதிரி நெருக்கமாகத் தெரியும். நம்ம நாட்டில் இந்த வேலையைச் செய்கிற ஈக்கு கிரைசோமையா பெசியானா என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து இந்தியா வழியாக நியூகினி வரைக்கும் இது உண்டு.

அமெரிக்கக் கண்டத்தில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. பேர் காக்லியோமையா ஹோமினிவோராக்ஸ். இரண்டாவது பேருக்கு ஆளைத் தின்னி என்று அர்த்தம். 1858ல் கோக்ரெல் என்கிற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் வைத்த பேர். தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் கைதிகளைக் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்த கயானாவில், ஒரு கைதியின் மூக்குக்குள் இருந்து எடுத்த புழுவில் வந்த ஈ அது. பண்ணைக்காரர்கள் வைத்த பேர் திருகுப் புழு. புழுவின் உடம்பைச் சுற்றி வரிவரியாக முள் இருக்கும், மரையாணி மாதிரி. திருகிக்கொண்டே உள்ளே போகும்.

இந்த ஈயின் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். மனுஷன் 50 வருஷம் பாடுபட்டு இதை டெக்சாஸில் இருந்து பனாமா வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அது மூன்று வருஷத்துக்குள் முக்கால்வாசி வழி திரும்பி வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதில்தான் ஆடுமாடு வளர்க்கிறவனுக்கு விஷயமே இருக்கு.

முதலில் ஈயின் கணக்கு. பெண் ஈ ஒரு தடவைக்கு 200, 300 முட்டை வைக்கும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஐந்தாறு நாள் சதையைத் தின்று கொழுத்து, தானாகவே கீழே விழுந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் ஈயாக வெளியே வரும். மொத்தம் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை. முதல் புண்ணின் வாடைக்கு இன்னும் பத்து ஈ வரும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் வளர்ந்த மாடே பத்து நாளில் சாகும். ஆனால் உறைகிற குளிர் இதற்கு ஆகாது. அதனால் அமெரிக்காவில் பனி விழுகிற மாதங்களில் டெக்சாஸின் தென்கோடிக்கும் மெக்சிகோவுக்கும் ஒதுங்கிவிடும். வெயில் வந்ததும் மறுபடி வடக்கே ஏறும். அந்தக் காலத்து டெக்சாஸ் பண்ணைகளில் குதிரையேறிப் போகிற மாட்டுக்காரர்களின் பாதிப் பொழுது இதற்கே போயிருக்கு. சேணத்தில் மருந்து பாட்டில். தினம் ஒவ்வொரு கன்றாகக் கயிறு வீசிப் பிடித்து, தொப்புளைப் பார்த்து, மருந்து தடவி விடணும். கன்று ஈனுவதையும், காயடிப்பதையும், கொம்பு தீய்ப்பதையும், சூடு போடுவதையும் குளிர்மாதங்களுக்கே தள்ளி வைத்துக்கொண்டார்கள். காட்டில் இருக்கிற மானுக்கு யார் மருந்து போடுவது? பிறந்த குட்டிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன.

இதில் ஒரு பெரிய குழப்பம் வெகுகாலம் இருந்தது. புண்ணில் காண்கிற ஈயைப் போலவே அச்சாக இன்னொரு ஈ செத்த மாட்டில் மொய்க்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, செத்த மாட்டை எல்லாம் தேடித் தேடி எரித்தார்கள். எரித்துப் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் உயிர்ச்சதை தின்கிற ஈ அங்கே பிறக்கவே இல்லை. 1933ல்தான் குஷிங் என்கிற அமெரிக்கரும், அவருக்கு லிவர்பூலில் வழிகாட்டிய பேட்டன் என்கிறவரும் இவை இரண்டும் வேறு வேறு ஈ என்று தீர்த்துச் சொன்னார்கள். இந்தப் பேட்டன் நமக்கு அந்நியர் இல்லை. நம்ம சென்னை கிண்டியில் இருக்கிற கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தவர். நோய் பரப்புகிற பூச்சிகளைப் பற்றி 1913ல் ஒரு கனமான பாடப்புத்தகம் எழுதினார், அது மதராஸ் பதிப்பாகவே வந்தது. நம்ம ஊர் மாட்டுப்புண்ணில் புழு வைக்கிற ஈ எது என்று பிரித்துக் காட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. கிண்டி பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அடுத்த தடவை அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அதே 1933ல் இன்னொன்றும் நடந்தது. அதுவரைக்கும் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இந்த ஈ வேர் பிடித்தது இல்லை. நடுவில் குளிர்ப் பிரதேசம், மிசிசிப்பி ஆறு எல்லாம் தாண்டணும். அந்த வருஷம் தென்மேற்கில் இருந்து ஏற்றி அனுப்பிய மாடுகளின் புண்ணில் புழு இருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஜார்ஜியாவில் இறங்கிய மாட்டில் இருந்து புழு மண்ணில் விழுந்தது. அங்கிருந்து தெற்கே ஃப்ளோரிடா போனது. ஃப்ளோரிடாவில் வருஷம் பூராவும் வெயில், அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டது. ஈ தானாகப் பறந்தால் வழக்கமாகச் சில கிலோமீட்டர்தான். மாட்டோடு ஏறினால் ஆயிரம் கிலோமீட்டரும் ஒன்றுதான். இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போ நிப்ளிங் வருகிறார். எட்வர்ட் நிப்ளிங், 1909ல் டெக்சாஸில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் தன் வீட்டு மாடுகளின் புண்ணில் கைவைத்துப் பார்த்தவர், அப்புறம் படித்து அமெரிக்க விவசாயத் துறையில் பூச்சி விஞ்ஞானி ஆனார். கூட ரேமண்ட் புஷ்லாண்ட் என்று ஒருத்தர். உயிருள்ள மாடு இல்லாமலேயே, அரைத்த இறைச்சியிலும் ரத்தத்திலும் இந்தப் புழுவை வளர்க்கிற வழியை அவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். வளர்த்துப் பார்த்தபோது நிப்ளிங் ஒன்றைக் கவனித்தார். பெண் ஈ ஆயுளில் ஒரே தடவைதான் சேரும். ஆண் ஈ பல தடவை சேரும்.

இதில் இருந்து அவர் போட்ட யோசனை அபாரம். ஆண் ஈயை மலடாக்கிக் காட்டில் விட்டால், அதோடு சேர்ந்த பெண் வைக்கிற முட்டை எல்லாம் கூமுட்டை. அவளுக்கு இன்னொரு வாய்ப்பும் இல்லை. அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். காட்டில் 10 லட்சம் பெண் ஈ இருக்கு, அதே அளவு ஆண் ஈயும் இருக்கு. நீங்கள் 20 லட்சம் மலட்டு ஆணை விடுகிறீர்கள். மூன்றில் ஒரு பெண்ணுக்குத்தான் நல்ல ஆண் கிடைக்கும். அடுத்த தலைமுறையில் 3,33,333. மறுபடி அதே 20 லட்சத்தை விடுங்கள். இப்போ ஆறு மலட்டுக்கு ஒரு நல்ல ஆண். அடுத்தது 47,619. அதற்கடுத்து 1,107. நாலாவது தலைமுறையில் ஒன்றுகூட மிஞ்சாது. பூச்சிமருந்து அடிக்கிற நமக்குத் தெரியும், முதல் தடவை நூற்றுக்குத் தொண்ணூறு செத்துவிடும், மிச்சம் பத்தைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். இந்த முறை அப்படியே தலைகீழ். பூச்சி குறையக் குறைய வேலை சுலபமாகும்.

கணக்கு சரி, மலடாக்குவது எப்படி? பத்துப் பதினைந்து வருஷம் அந்த யோசனை அப்படியே கிடந்தது. நிறைய பேர் சிரித்திருக்கிறார்கள். 1950ல் ஹெர்மன் முல்லர் எழுதிய கட்டுரை ஒன்று நிப்ளிங்கின் சகா மூலமாக அவர் கைக்கு வந்தது. எக்ஸ்ரே பட்டால் பழ ஈக்கள் மலடாகும் என்று அதில் இருந்தது. புஷ்லாண்ட் கூட்டுப்புழுக்களை எடுத்துக்கொண்டு சான் அன்டோனியோவில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே இருந்த எக்ஸ்ரே மிஷினில் காட்டினார். ஈ உயிரோடு வந்தது, பறந்தது, சேர்ந்தது, முட்டை மட்டும் பொரியவில்லை.

1954ல் குராசோ தீவு. வெனிசுலா கடற்கரைக்கு எதிரே டச்சுக்காரர்களின் தீவு, சுமார் 440 சதுர கிலோமீட்டர். எங்கே பார்த்தாலும் வெள்ளாடு, எந்த ஆட்டைப் பார்த்தாலும் புண். ஃப்ளோரிடாவில் வளர்த்த மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டுபோய், ஒரு சதுர மைலுக்கு வாரம் 400 ஆண் என்று தூவினார்கள். அங்கங்கே வெள்ளாடுகளைப் பட்டியில் வைத்து, அதன் புண்ணில் ஈ வைத்த முட்டைகளை எடுத்துப் பொரிகிறதா என்று பார்த்தார்கள். வாரத்துக்கு வாரம் கூமுட்டை கூடிக்கொண்டே போனது. நாலு மாசத்துக்குள் தீவில் முட்டையே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஃப்ளோரிடாவில் செப்ரிங் என்கிற ஊரில் பழைய விமானத்தளத்தில் ஈத் தொழிற்சாலை போட்டார்கள். வாரத்துக்கு 5 கோடி ஈ. 1959ல் ஃப்ளோரிடா சுத்தம். அதைப் பார்த்த டெக்சாஸ் பண்ணைக்காரர்கள், எங்களுக்கும் வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே மாட்டுக்கு இவ்வளவு என்று வசூல் போட்டுப் பணம் திரட்டினார்கள். அரசாங்கம் கொடுக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, இது எனக்குப் பிடித்த இடம். 1962ல் மிஷன் என்கிற ஊர்ப்பக்கம், அதுவும் ஒரு பழைய விமானத்தளம்தான், பெரிய தொழிற்சாலை வந்தது. 1966ல் அமெரிக்காவுக்குள் நிலையாக இந்த ஈ இல்லை என்று அறிவித்தார்கள்.

ஆனால் மெக்சிகோவில் இருக்கே. எல்லை 3,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த நீளத்துக்கும் வாராவாரம் மலட்டு ஈயைத் தூவிக்கொண்டே இருக்கணும், ஈயாலேயே ஒரு சுவர் கட்டின மாதிரி. 1972ல் அந்தச் சுவர் சரிந்தது. குளிர் சரியாக விழவில்லை, மழை நல்லா பெய்தது, மான்கள் பெருகியிருந்தன. ஒரே வருஷத்தில் 90,000க்கும் மேற்பட்ட கேஸ். தொழிற்சாலையிலேயே பல தலைமுறை வளர்ந்த ஆண் ஈ, காட்டில் பிறந்த ஆணோடு போட்டி போட முடியாமல் போய்விட்டது என்று ஒரு தரப்பு சொன்னது. இல்லை, பண்ணைக்காரர்கள்தான் ஈ ஒழிந்தது என்று நினைத்துப் புண் பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு. இரண்டும் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்து வருஷம் புழு பார்க்காதவன் எதற்கு தினம் கன்றின் தொப்புளைத் தடவிப் பார்க்கப் போகிறான்? மாட்டுக்கார ஆட்களையும் குறைத்துவிட்டிருந்தார்கள்.

அப்போதுதான் புத்திசாலித்தனமான ஒரு முடிவு எடுத்தார்கள். நீளமான எல்லையில் சுவர் கட்டுவதைவிட, கண்டம் குறுகுகிற இடத்தில் கட்டினால் செலவு குறைவு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், மெக்சிகோவில் இருந்து கீழே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். பனாமாவில் ஓர் இடத்தில் கடலுக்கும் கடலுக்கும் நடுவே 80 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கும் கீழே கொலம்பியா எல்லையில் டேரியன் காடு. ரோடே கிடையாது. ஆகவே இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, மெக்சிகோவின் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் டுக்ஸ்ட்லா குட்டியெரெஸ் என்கிற ஊரில் 1976ல் ஒரு ராட்சசத் தொழிற்சாலை திறந்தார்கள். வாரம் 50 கோடி ஈ. அங்கிருந்து ஒவ்வொரு நாடாக. அமெரிக்காவில் கடைசிக் கேஸ் 1982. மெக்சிகோ 1991. கவுதமாலா, பெலிஸ் 1994, எல் சால்வடார் 1995, ஹோண்டுராஸ் 1996, நிகரகுவா 1999, கோஸ்டா ரிக்கா 2000, பனாமா 2006. பனாமாவில் பகோராவில் சின்ன தொழிற்சாலை ஒன்று, வாரம் 10 கோடி வரை உற்பத்தி பண்ணக்கூடியது. டேரியன் ஓரத்தில் தினம் விமானம் ஏறி ஈ தூவுவதுதான் அதன் வேலை. டுக்ஸ்ட்லாவின் ராட்சசத் தொழிற்சாலையைப் பிறகு மூடிவிட்டார்கள். இனி எதற்கு என்று.

நடுவில் லிபியா கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1988ல் ஆப்பிரிக்காவின் வடகரையில், திரிப்போலி பக்கத்து ஆடுகளில் திருகுப் புழு தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்து ஈ, அதுவும் கடல் தாண்டி. தென் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த செம்மறிகளின் புண்ணில்தான் வந்திருக்கணும். அங்கே அது வேரூன்றியிருந்தால் கீழே சகாரா தாண்டி ஆப்பிரிக்கா பூராவும் போயிருக்கும். மந்தைக்காரர்கள் மட்டுமில்லை, மானும் யானையும்கூட தப்பாது. 1990ல் மட்டும் 12,000 கேஸுக்கு மேல். ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு இறங்கி, மெக்சிகோவின் அதே டுக்ஸ்ட்லாவில் இருந்து மலட்டு ஈக்களைக் குளிர வைத்துப் பெட்டியில் அடைத்து அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுபோனார்கள். 1986ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதும் இதே திரிப்போலியில்தான். நாலு வருஷம் கழித்து அதே வானத்தில் இருந்து, அமெரிக்கப் பணமும் சேர்ந்து நடத்தின தொழிற்சாலையின் ஈ விழுந்தது. 1990 டிசம்பரில் ஆரம்பம். உச்சத்தில் வாரம் 4 கோடி, மொத்தம் 130 கோடி ஈ. கடைசிக் கேஸ் 1991 ஏப்ரல். 1992ல் லிபியா சுத்தம் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் நிப்ளிங்குக்கும் புஷ்லாண்டுக்கும் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

நம்ம பக்கத்து ஈயும் இந்தப் பயணத்துக்குச் சளைத்தது இல்லை. 1996ல் இராக்கில் நுழைந்து, ஆயிரக்கணக்கில் மந்தைகளைப் பிடித்தது. கப்பலில் போகிற உயிருள்ள ஆடுமாட்டோடு இது எப்போ வந்து இறங்குமோ என்று ஆஸ்திரேலியாக்காரர்கள் பல வருஷமாகத் துறைமுகங்களில் காவல் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை, ஏனென்றால் நம்ம வீட்டில் அது என்றைக்கும் இருக்கிறது. நான் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன், எங்க அப்பாவும் பார்த்திருக்கிறார். ஒழிக்கலாம் என்று யாரும் யோசித்ததில்லை. கழுவணும், எடுக்கணும், வேப்பெண்ணெய் விடணும், அவ்வளவுதான். இதனால் ஒரு லாபம் உண்டு, புண் பார்க்கிற கை இன்னும் மறக்கவில்லை. மேய்க்கிற பையன்களுக்குக்கூட வாடை தெரியும். ஆனால் சீக்கில் போன குட்டிகளைக் கணக்கு எழுதி வைத்திருந்தால் எத்தனை வரும் என்று நினைத்தால் இதை லாபம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அமெரிக்கக் கண்டத்துக்கு வருவோம். 2006க்கு அப்புறம் பனாமாவுக்கு வடக்கே கண்ட நிலப்பரப்பில் திருகுப் புழு இல்லை என்பதே நிலைமை. 2016ல் மட்டும் ஃப்ளோரிடாவின் தெற்கு முனையில் இருக்கிற தீவுகளில் எங்கிருந்தோ வந்து இறங்கியது. அங்கே மட்டும் வாழ்கிற ஒரு குட்டி மான் இனம் இருக்கு, நாய் உயரம்தான். ஆயிரத்துக்கும் குறைவாக இருந்ததில் 135 மான் போய்விட்டது. ஈ தூவி, 2017 மார்ச்சில் அடக்கினார்கள்.

பனாமாவில் வருஷத்துக்கு சராசரி 25 கேஸ் இருந்த இடத்தில் 2023ல் 6,500க்கு மேல். அந்த வருஷம் ஜூலையில் கோஸ்டா ரிக்கா. 2024ல் நிகரகுவா, ஹோண்டுராஸ், கவுதமாலா. 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ், 50 கோடி ஈ வளர்த்தார்களே, அதே மாநிலம். டிசம்பரில் பெலிஸ், எல் சால்வடார். 15 வருஷத்தில் நாடு நாடாகச் சுத்தம் பண்ணிக்கொண்டு போன வழியில் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

பறந்து வந்த வேகம் இல்லை இது. மலட்டு ஈச் சுவர், பறந்து வருகிற ஈயைத் தடுக்கும். லாரியில் வருகிற கன்றுக்குட்டியின் தொப்புளில் இருக்கிற புழுவுக்கு அந்தச் சுவர் ஒன்றும் செய்யாது. டேரியன் காட்டோரத்தைத் திருத்திப் பண்ணைகள் போட்டார்கள், மனுஷன் நுழையாத காட்டுவழியில் 2023ல் மட்டும் 5 லட்சம் பேர் அகதிகளாக நடந்து வந்தார்கள், கூடவே நாய்களும் கால்நடைகளும். அதைவிடப் பெரிசு மாட்டுக் கடத்தல். நிகரகுவா, ஹோண்டுராஸ், கவுதமாலா வழியாக பேப்பர் இல்லாத மாடுகள் லாரி லாரியாக மெக்சிகோ எல்லைக்குப் போகின்றன. விலை வித்தியாசம் அப்படி. ராத்திரி ஏற்றி விடியக்காலையில் இறக்குகிற மாட்டின் புண்ணை யார் பார்ப்பார்கள்? நம்ம ஊரிலும் கோமாரி வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "சந்தையில இருந்து யாரு மாடு புடிச்சுட்டு வந்தது?" என்பதுதான். வாங்கி வந்த மாட்டைப் பத்து நாள் தனியாகக் கட்டுகிற வழக்கத்தை எங்கள் பக்கம் இப்போ பாதிப்பேர் விட்டுவிட்டார்கள்.

மெக்சிகோவில் இருந்து அமெரிக்காவுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கன்றுகள் போய்க்கொண்டிருந்தன. அங்கே கொழுக்க வைத்து அறுப்பார்கள். சியாபாஸ் கேஸ் தெரிந்த உடனே அமெரிக்கா எல்லையை மூடியது. 2025 பிப்ரவரியில் திறந்து, மே மாதம் மூடி, ஜூலையில் ஒரு வாசலை மட்டும் திறந்து, இரண்டே நாளில் மறுபடி மூடியது, வெராகுரூஸில் புதுக் கேஸ் என்பதால். மெக்சிகோவின் வடக்கு மாநிலங்களில் கன்று வளர்க்கிறவர்கள் பாவம், அவர்கள் மாட்டில் ஒரு புழுகூட இல்லாமல் விற்க வழியில்லாமல் நின்றார்கள். மத்திய அமெரிக்காவில் பத்துப் பதினைந்து மாடு வைத்திருக்கிறவன் நிலைமை வேறு. அவனுக்கு விற்பதைப் பற்றிக் கவலை இல்லை, தினம் விடியக்காலையில் புண் பார்க்கிற கவலை. 2025க்குள் மனிதர்களே ஆயிரத்துக்கு மேல் அந்தப் புழுவால் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டார்கள். பெரும்பாலும் வயசானவர்கள், சர்க்கரைப் புண் இருந்தவர்கள், கவனிக்க ஆள் இல்லாதவர்கள்.

2025 செப்டம்பரில் நுவேவோ லியோன் மாநிலத்தில் சபினாஸ் இதால்கோ என்கிற இடத்தில், அமெரிக்க எல்லையில் இருந்து 70 மைலுக்கும் குறைவான தூரத்தில், ஒரு கேஸ். எட்டு மாதக் கன்று. சர்ட்டிபிகேட் உள்ள கொட்டிலுக்குச் சமீபத்தில்தான் அது கொண்டுவரப்பட்டிருந்தது. சுற்றியிருந்த ஊர்களில் வேறு கேஸ் இல்லை.

2025ல் பனாமா தொழிற்சாலையின் 10 கோடி ஈயை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பங்கு போட்டுத் தூவினார்கள். ஒரு காலத்தில் டுக்ஸ்ட்லா மட்டும் வாரம் 50 கோடி கொடுத்தது. மெக்சிகோவின் தெற்கே மெடாபா என்கிற ஊரில், பழ ஈயை மலடாக்கிக்கொண்டிருந்த கட்டடத்தைத் திருகுப் புழுவுக்கு மாற்றுகிற வேலையை 2025ல் தொடங்கினார்கள். டெக்சாஸில் புது தொழிற்சாலை கட்டப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள், வாரம் 30 கோடி ஈ, செலவு 75 கோடி டாலர். இடம் மிஷனுக்குப் பக்கத்தில் மூர் விமானத்தளம். 1962ல் முதல் டெக்சாஸ் தொழிற்சாலை இருந்த அதே இடம். அது கட்டி முடிகிற வரைக்கும், டெக்சாஸில் 70, 80 வயசுக் கிழவர்கள் சின்ன வயசில் பார்த்த புண்ணைப் பற்றிப் பேரன்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும், ஏனென்றால் அங்கே இப்போ மாடு வளர்க்கிற நடுவயசு ஆட்களில் இந்தப் புழுவைக் கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை.